நாலாம் இடம்

தோள்பட்டை வலிக்கிறது, தம்பி. மழை வரப் போகிறது என்று அர்த்தம். கையை மேலே தூக்கினால்தான் இந்த வலி. தலை வாருவதே பெரும்பாடு. பக்கவாட்டில் விரித்தால் ஒன்றும் செய்வதில்லை. பேல் பேலாகப் பஞ்சுப் பொதி தூக்கிய தோள் கடைசியில் இப்படித்தான் ஆகும். இந்தத் தெருவில் எழுபது வயதில் நேராகக் கை தூக்குகிறவன் எவனும் மில்லுக்குள் கால் வைத்தவனாக இருக்க மாட்டான்.

உட்காருங்கள். தொப்பியை அந்த ஆணியில் மாட்டலாம். ஷெரிஃபின் போலீஸ் ஆபீசிலிருந்து ஆள் வரும் என்று தெரியும். உங்களிடம் சொல்லிவிட்டு வந்த கையோடு டாய் பிளாக்வெல் என்னிடமும் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவன் அப்படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் என் பேஸ்பால் அணியில் வலப்பக்கம் எல்லையோரம் நின்றவன். நல்ல கை. எறிந்தால் பந்து குண்டு மாதிரி வரும். ஆனால் எந்தப் பக்கம் எறிய வேண்டுமோ அந்தப் பக்கம் எறிய மாட்டான். உங்களிடமும் அதையேதான் செய்திருக்கிறான்.

வெர்லன் லெப்பர்ட் மில்லில் செத்த அன்று ஹோய்ட் கேம்ப்ரெல் தெரியாமல் தப்பான சைகை காட்டிவிட்டான், பாவம், முப்பது வருஷத்துக்கு மேலாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறான் என்றுதானே சொன்னான். மீதியெல்லாம் சரி. 'தெரியாமல்' என்பதை மட்டும் அடித்துவிட வேண்டும். எங்கள் ஆட்டத்தில் கைக்கு வந்த பந்தை ஒருவன் நழுவவிட்டால் அவன் பெயருக்கு நேரே பிழை என்று எழுதுவார்கள். இத்தனை வருஷம் கழித்து டாய் என் பெயருக்கு நேரே ஒரு பிழையை எழுதிவிட்டான். சைகையில் நான் பிழை செய்ததே இல்லை. அதைச் சரி செய்யத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

நாங்கள் மூன்று பேர் மிச்சம். நான், டாய், அப்புறம் ரேஃபோர்ட். எங்கள் பந்து எறிபவனாக இருந்த ரேஃபோர்ட் இப்போது பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான். சனிக்கிழமை மத்தியானம் அங்கே பாட்டில் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். கோலா பாட்டிலுக்குள் வேர்க்கடலையைக் கொட்டிக்கொண்டு எங்கள் மில்லின் பழைய அணிகளைப் பிரித்து மேய்வோம். கோப்பை வாங்கிய அணியைப் பற்றிப் பேசினால் அதில் என்ன இருக்கிறது. கடைசியில் வந்த அணியைப் பற்றிப் பேசினாலும் ஒன்றும் இல்லை. எங்கள் மில் இரண்டும் இல்லை. எட்டு மில்களில் ஒவ்வொரு வருஷமும் நாலாம் இடம். ஜெயித்ததும் தோற்றதும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். பேசிப் பேசித் தீராதது அதுதான்.

போன சனிக்கிழமைகூட ரேஃபோர்ட் ஆரம்பித்தான். "முப்பத்தெட்டு டீம்தான்யா டீமு. ஒத்த ஆளா நின்னு எறிஞ்சேன்."

"ஒத்த ஆளா எறிஞ்ச, ஒத்த ஆளா தோத்த" என்றான் டாய். "மட்ட புடிக்க ஆளு இருந்துச்சா? நம்ம பயலுவ மட்டைய வச்சு ஈ ஓட்டிக்கிட்டு இருந்தானுவ."

"அப்ப நாப்பத்தொண்ணு?"

"அடிச்சானுவ. இல்லேங்கல. அடிச்சா ஓடணும்ல? பொணத்துக்குப் பின்னாடி போற மாதிரில்ல நடந்து போனானுவ. பின்னாடி வந்தவன் முன்னாடி போனவன் முதுகுல முட்டிக்கிட்டு நின்னான்."

"அட விடுய்யா. முப்பத்தெட்டு, நாப்பத்தொண்ணு, நாப்பத்தொம்பது. மூணு டீம்லயும் மாறாத ஆளு ஒருத்தர்தான். நம்ம கேப்டன். அவர மாத்திப் பாத்திருந்தா கோப்ப வந்திருக்குமோ என்னமோ."

சிரித்தோம். நானும் சிரித்தேன். அணிக்கு மேனேஜர் நான். ஆட்கள் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். ரேஃபோர்ட் எப்போதும் இப்படி எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். அணியை எடை போடுவது வேறு விஷயம்.

எடை போடுவதை நான் இப்படித்தான் செய்வேன். அணியின் படத்தை மனசில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவன் முகத்தின் மேலும் கட்டைவிரலை வைத்து மூடுவேன். இவன் இல்லாவிட்டால் இந்த அணி எங்கே நிற்கும் என்று பார்ப்பேன். முப்பத்தெட்டில் ரேஃபோர்ட்டை மூடினால் அணி அதலபாதாளத்தில் கிடக்கும். நாற்பத்தொன்றில் யாரை மூடினாலும் ஒன்றுதான்; எல்லோரும் ஒரே மாதிரிக் கனமான கட்டைகள். நாற்பத்தொன்பது அணிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நல்ல எறி, நல்ல அடி, சுமாரான ஓட்டம். எந்த இடத்திலும் ஓட்டை தெரியவில்லை. இருந்தும் நாற்பத்தேழிலும் நாற்பத்தெட்டிலும் அதே ஆட்கள் நாலாம் இடம்.

மோசமான அணிக்குத் தன் ஓட்டை எங்கே என்று தெரியும். நடுத்தர அணி தன் ஓட்டையைக் கொஞ்சும். இதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

வெர்லனை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பிறந்தே இருக்க மாட்டீர்கள். ஓடுகிறவன் தொட வேண்டிய தளங்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் காவல் நிற்பவன். ஆட்டத்தில் அதிகம் பந்து போவது அந்தப் பக்கம்தான். அவன் பெயருக்கு நேரே பிழையே கிடையாது. ஜனங்கள் அவனைக் கொண்டாடுவார்கள். குழந்தைகள் அவன் பின்னால் ஓடும். பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்தது வேறு. பந்து அவனுக்கு ஒரு சாண் தள்ளிப் போகும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாணை அவன் எட்டியிருப்பான். இப்போது முழங்கால் போய்விட்டது. தொட்டு நழுவவிட்டால்தான் பிழை. தொடாத பந்துக்கு யார் பெயரிலும் எழுதுவதில்லை. 'எவனாலும் எட்ட முடியாது' என்று கூட்டம் தலையாட்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த ஒரு சாணில் எங்கள் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது.

அவனுக்கே தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் பயிற்சி முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"கேப்டன், இன்னைக்கு ஒரு பந்து எனக்கு சலாம் போட்டுட்டுப் போச்சு பாத்தீங்களா?"

"விடு வெர்லன். எவனாலயும் எட்ட முடியாது."

"நீங்க நல்லவரு கேப்டன். பொய் சொல்றப்பகூட மூஞ்சி கோணல." சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான். "இன்னும் ரெண்டு வருஷம் என்னை ஓட்டிடுங்க. நீவா டீச்சருக்குப் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. மில் வாசப்படிய மிதிக்க விட மாட்டேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

நீவா அவன் மூத்த பெண். அவளுக்குக் கீழே மூன்று. அவன் மனைவி ஓலாவுக்கு நெஞ்சு சரியில்லை. வேலைக்குப் போக முடியாது. அவன் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொண்டேன். அதற்கும் ஒரு எடை கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நாற்பத்தொன்பது ஜூனில்தான் மில் சூப்பிரண்டு பாலஞ்சர் என்னைக் கூப்பிட்டார்.

"கேம்ப்ரெல், இந்த வருஷமும் நாலாவதா வந்தீங்கன்னா டீமை மூடிடுறேன். நாலாம் இடத்துக்கு எதுக்கு இவ்வளவு செலவு? கடைசியா வந்தாலாவது சனங்க பாவம்னு பாக்கும்."

அணி மூடினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும், இப்போது அந்த மாதிரி இல்லை. எங்கள் ஊரில் பந்து விளையாடுகிறவனுக்கு மில்லில் லேசான வேலை கொடுப்பார்கள். வெர்லனுக்கு மெஷின்களுக்கு எண்ணெய் விடும் கேன். ரேஃபோர்ட்டுக்குத் துணிக் கிடங்கில் சீட்டு ஒட்டுவது. எனக்கு மெஷின் பழுது பார்ப்பது. அணி போனால் அத்தனை பேரும் மறுபடி பேல் தூக்கப் போக வேண்டும்.

வெர்லனை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வீடு மில்லுடையது, தம்பி. அணியிலிருந்து எடுத்தால் லேசான வேலை போகும். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவன் ஒரு மாசம் பேல் தூக்க மாட்டான். வேலை போனால் வீடு போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோய் ஸ்மித்தீல் என்று ஒருவனை நான் நீக்கினேன். மழையில் கட்டிலையும் அடுப்பையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் பெஞ்சில் ஒருவர்கூட வந்து உட்காரவில்லை. என் மனைவி அழுதாள். மறுபடியும் அப்படி ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் மில்லுக்குள் ஒருவன் செத்துப்போனால் வழக்கம் வேறு. குடும்பத்தில் ஒரு கை வேலைக்கு வந்தால் போதும், வீட்டை அவர்களிடமே விட்டுவைப்பார்கள். நீவாவுக்கு அந்த ஏப்ரலில்தான் பதினாறு முடிந்திருந்தது. பதினாறு ஆனால் வேலைக்கு எடுப்பார்கள். ஆக, நீக்கினால் ஆறு பேர் தெருவில். மற்றது நடந்தால் ஐந்து பேர் அதே கூரைக்குக் கீழே, அதே அடுப்போடு. நான் பல நாள் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அவர்களுக்கு இதுதான் நல்லது என்று வந்தது.

சைகை விஷயம் டாய் உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டான். பேல் உடைக்கும் கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் பந்து விளையாடுகிறவர்கள், மீதிப் பேர் பார்க்கிறவர்கள். அதனால் நடுவர் சைகைதான் மில்லுக்குள்ளும் ஓடியது. கட்டைவிரலை நிமிர்த்தி முஷ்டியை ஆட்டினால் 'அவுட்': மெஷின் ஓடுகிறது, தொடாதே. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டினால் 'சேஃப்': நின்றுவிட்டது, கையை விடு. வேறு மில்லிலிருந்து வந்தவனுக்கு இது புரியாது. எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடப் புரியும்.

பஞ்சைப் பிய்க்கும் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டால் உள்ளே முள் உருளைப் பக்கம் கையை விட்டுத்தான் இழுக்க வேண்டும். இழுக்கிறவன் நிற்கிற பக்கத்திலிருந்து உருளை ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. மேலே மூடி, சுற்றிலும் தூசி. மெஷினை ஓட்டும் பெல்ட்டைத் தடியால் தள்ளி நிறுத்துகிறவன் எதிர்ப் பக்கம் நிற்பான். அவன் கையைப் பார்த்துத்தான் இவன் கையை விடுவான். அந்த மில்லில் மனுஷன் மனுஷனை நம்பியது அந்த ஒரு இடத்தில்தான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல வெக்கை. மூன்றாம் மெஷினில் அடைப்பு. வழக்கமாக இழுக்கிறவன் அன்று வரவில்லை. வெர்லன் எண்ணெய் கேனோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். இது அவன் வேலை இல்லை. ஆனால் கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் வருவான்; அவனுடைய பலம் என்று எழுதுவதாக இருந்தால் அதைத்தான் எழுதுவேன். விரலை ஆட்டிக் கூப்பிட்டேன். வந்தான். கேனைக் கீழே வைத்தான், மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தான், சட்டைக் கையை மடக்கிக்கொண்டான். நான் எதிர்ப் பக்கம் போய் பெல்ட் தடியைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டேன், தள்ளவில்லை.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தேன். களத்தில் நின்று காட்டுகிற மாதிரி, நன்றாக, நிதானமாக. அவன் தலையாட்டிவிட்டுக் குனிந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். வேகமாக முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வரைக்கும் போகவில்லை. நான் அவனைத் தொடவே இல்லை.

சூப்பிரண்டு வந்து என்ன நடந்தது என்று கேட்டார். பார்க்காமல் கையை விட்டுவிட்டான் என்றேன். கம்பெனிக்கும் அது வசதியாக இருந்தது. இறந்தவரின் அஜாக்கிரதை என்று முடித்தார்கள். நான் சைகை காட்டியபோது டாய் கதவோரம் துடைப்பத்தோடு நின்றான். அவன் கண் என் கைமேல் இருந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிரேதப் பெட்டியில் முன் பக்கத்தை நான் தூக்கினேன். எனக்குப் பின்னால் அவன் தூக்கினான். சர்ச்சில் எங்கள் பெஞ்ச் நிறைந்திருந்தது. ஓலா என் மனைவியின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

வெர்லன் இடத்துக்கு டார்சி என்ற பையனைப் போட்டேன். முயல் மாதிரி ஓடுவான். அந்தச் சாணை எட்டினான். பந்தைப் பிடித்தான். நான் கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் நாலாம் இடம் வந்தோம்.

பிறகு யோசித்துப் பார்த்ததில் விட்டுப்போனது எது என்று தெரிந்தது. ஒவ்வொரு எறிக்கும் நடுவில் வெர்லன் பின்னாலிருந்து ரேஃபோர்ட்டிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான். "டேய் ரேஃபோர்ட்டு, அவன் கால் நடுங்குதுடா, உள்ள போடு. உம் பொண்டாட்டி பாக்குறா, மானத்த வாங்காத." இப்படி. அந்தப் பேச்சு நின்றதும் ரேஃபோர்ட்டின் கை தறிகெட்டுப் போய்விட்டது. காலை எடை போட்ட நான் வாயை எடை போடவில்லை. அணிகளை எடை போடுகிறவர்கள் சாதாரணமாகச் செய்கிற குறைதான் இது. மற்றபடி சூப்பிரண்டு அந்த வருஷம் அணியை மூடவில்லை. செத்தவனுக்கு மரியாதையாக இன்னொரு வருஷம் விட்டுவைத்தார். ஆக, பலன் இல்லாமல் போகவில்லை.

வீட்டு விஷயத்திலும் நான் நினைத்தபடிதான் நடந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு நீவா பள்ளிக்கூடம் போகவில்லை. நூற்புக் கூடத்தில் சேர்ந்தாள். தம்பி தங்கைகள் அதே வீட்டில் வளர்ந்து, கல்யாணம் ஆகி, வெளியூர் போனார்கள். ஓலா அதே கட்டிலில் செத்தாள். மில் மூடும்வரைக்கும் நீவா வேலை பார்த்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டு வீடு தள்ளி, நீலச் சாயம் பூசிய வாசல். வரும்போது பார்த்திருப்பீர்கள். காலையில் அவள் இருமுவது இங்கே கேட்கும். பஞ்சு இருமல். வீடு இப்போது அவள் பெயரில் இருக்கிறது. ஒரு நாள்கூட அவர்கள் மழையில் நிற்கவில்லை.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை. நான் அவர்களைக் கைவிடவில்லை. அவள் வீட்டுக் கூரை ஒழுகினால் நான்தான் ஏறி அடைத்தேன், தோள் இடம் கொடுத்தவரைக்கும். என் மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள்தான் எனக்குக் கீரையும் சோளரொட்டியும் மூடி எடுத்துக்கொண்டு வருகிறாள். பேப்பரில் பழைய ஆட்டக்காரன் எவனாவது செத்த செய்தி வந்திருந்தால் படித்துக் காட்டுவாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி. நல்ல டீச்சராகியிருப்பாள்.

மில்லில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஷிப்டுக்குப் போகிற வழியில் என் வாசல் கேட்டில் நின்றாள். தலைமுடி முழுக்கப் பஞ்சு.

"ஹோய்ட் மாமா, ஒண்ணு கேக்கட்டா? அப்பா பாக்காமயா கைய விட்டாரு?"

"ஏம்மா?"

"ஸ்பின்னிங்ல எல்லாரும் சொல்லிச் சிரிக்குறாங்க. அஜாக்கிரத லெப்பர்ட் மவ வந்துட்டா, கைய எண்ணிக்கங்கடின்னு. அப்பா எண்ணெய் கேன் மூடியக்கூட ரெண்டு தடவ பாப்பாரு மாமா. பாக்காம விடுற ஆளே இல்ல."

"பாக்கலம்மா. நான் எதுத்தாப்லதான் நின்னேன். அவன் பாக்கல."

"சரி மாமா" என்றாள். சங்கு ஊதியது, போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்டதில்லை. மில் மூடும்வரை அவளை அஜாக்கிரதை என்றுதான் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள்: தெரியாமல் இல்லை, தெரிந்து. ஹோய்ட் கேம்ப்ரெல் மெஷின் ஓடுவது தெரிந்தே கையை விரித்துக் காட்டினான். நிதானத்தோடு. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு இருந்த நிலைமையில் எல்லோருக்கும் எது நல்லதோ அதைச் செய்தேன். ஒன்றுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அவள் வரும்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றும். சாப்பிட்ட பிறகு அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

உன் அப்பா அஜாக்கிரதைக்காரன் இல்லை, கையை விடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தான்: இந்த ஒரு வார்த்தையை நான் நீவா லெப்பர்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.